ஒரேயொரு பிரதி

யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி எங்கே வாசித்தாலும் ஒரு வசனம் எதிர்ப்படும். 1981இல் எரிந்தவற்றுள் ‘யாழ்ப்பாண வைபவமாலை’யும் ஒன்று, உலகத்தில் அந்த நூலுக்கு இருந்த ஒரேயொரு பிரதி அதுதான் என்று. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிகளில் நாங்களே இதைச் சொல்லியிருக்கிறோம். எங்களில் ஒருத்தி தரம் ஒன்பதில் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தி, நடுவர்களை ஒருக்கால் பார்த்து, பிறகு தொடர்ந்து, இரண்டாமிடம் எடுத்தவள்.

வசனம் பிழை. பிழை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. அதை எங்கள் கட்டுரையிலிருந்து எடுக்க மூன்று கிழமை பிடித்தது. அந்த மூன்று கிழமையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர். இரண்டு பேருக்கு வரலாறு, ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்குச் சமூகவியல். தமிழ் விக்கிப்பீடியாவுக்காகப் பொது நூலகத்தின் வரலாற்றைச் சான்றுகளோடு விரிவாக எழுதுவம் என்று தொடங்கினோம். கலைக்களஞ்சியம் எழுதுவது எங்கட ஊருக்குப் புது வேலை இல்லை. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதானகோச’த்தை 1902இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வந்தது அதற்குப் பிறகு, 1910இல். நூறு வருசம் கழித்து, 2003இல், தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கி வளர்த்த இ. மயூரநாதனும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்தான். இந்தப் பெருமையெல்லாம் மனதில் இருந்ததால் கொஞ்சம் துள்ளலோடுதான் போய் இருந்தோம்.

அபிதானகோசத்தில் புராணத்து ஆட்களும் வரலாற்று ஆட்களும் அகர வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். இன்றைய கலைக்களஞ்சியத்தில் அப்படி இருக்கேலாது. விக்கிப்பீடியாக்காரர் ‘மெய்யறிதன்மை’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதுவது உண்மையோ பொய்யோ என்பதற்கு முதல், வாசிக்கிறவர் அதைத் தான் போய்ச் சரிபார்க்கலாமா என்று கேட்கிற சொல் அது. நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததை எழுத முடியாது. வேறொருவர், நம்பத்தக்க ஓரிடத்தில், ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் வசனத்தின் வாலில் ‘சான்று தேவை’ என்று ஒட்டிவிடுவார்கள்.

எங்கள் வரைவில் அந்த ‘ஒரேயொரு பிரதி’ வசனத்துக்கு மூன்று அடிக்குறிப்புகள் இருந்தன. முழுக் கட்டுரையிலேயே அதிக சான்றுள்ள வசனம் அதுதான்.

பிறகு ஒரு நாள், நல்லூர் பற்றி வேறேதோ ஒரு பக்க இலக்கம் பார்க்க வேண்டியிருந்தது. எங்களில் தமிழ் படிக்கிறவள் நூலகத் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். யாழ்ப்பாண வைபவமாலை, பதிப்பாசிரியர் குல. சபாநாதன், 1949. நாங்கள் அதைத் திறந்து, பக்கத்தைப் பார்த்து, குறித்துக்கொண்டு, மூடியும் விட்டோம். பிறகுதான் அவள் கேட்டாள்: “இது எரிஞ்சு போச்செண்டெல்லோ எழுதியிருக்கிறம்?”

அவமானமாக இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. 1949இல் அச்சான புத்தகம் ஒரேயொரு பிரதியாக இருக்க முடியாது என்பதற்கு ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். அதற்கும் முன்னால், 1879இல், சி. பிறிற்றோ இந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொழும்பில் வெளியிட்டிருக்கிறார். நூலகம் எரிவதற்கு 102 வருசத்துக்கு முன். இன்றைக்கு நூலகம் இணையத்தளத்துக்குப் போனால் வைபவமாலையைக் கைப்பேசியிலேயே வாசிக்கலாம். நாங்கள் போகவில்லை. எரிந்துபோன புத்தகத்தை ஆர் போய்த் தேடுவார்?

அப்ப அந்த மூன்று அடிக்குறிப்புகள்? ஒவ்வொன்றாகப் பின்னால் போனோம். முதலாவது ஒரு நினைவுநாள் கட்டுரை. அது எங்கிருந்து எடுத்ததென்று சொல்லவில்லை. இரண்டாவது ஒரு செய்தித்தளம். அது முதலாவதைச் சொல்லுக்குச் சொல் பிரதி பண்ணியிருந்தது. மூன்றாவது ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சான்றைத் தேடிப் போக, இன்னொரு கலைக்களஞ்சியப் பக்கத்தில் போய் முட்டினோம். மூன்று சாட்சி என்று நாங்கள் நினைத்தது ஒரே சாட்சி, மூன்று சட்டை மாற்றிப் போட்டு வந்தது.

இது பிடிபட்டது எழுத்துப் பிழையால். ஆங்கிலத்தில் இந்த வசனம் வரும் பல இடங்களில் நூலின் பெயர் அரைகுறையாகவே இருக்கும். ‘வைபவமாலை’யின் வால் உதிர்ந்து ‘வைபவமா’ என்று நிற்கும். ஒரு ஆள் தவறுதலாக அப்படி எழுதலாம். ஒருவரையொருவர் அறியாத ஐந்து பேர் ஐந்து இடத்தில் இருந்துகொண்டு அதே எழுத்தில் சறுக்க மாட்டார்கள். ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விசயம். இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழை விட்டால், இரண்டும் ஒரே தாயேட்டைப் பார்த்து எழுதியவை. அவற்றை இரண்டு சாட்சியாக எண்ணக்கூடாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்ததை வகுப்பில் படித்திருக்கிறோம். ஏடுகளை ஒப்புநோக்குவது எப்படியென்று குறிப்பும் எழுதியிருக்கிறோம். அதே வேலையை இணையப் பக்கங்களுக்கும் செய்யலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போய்விடும் போல.

இனி வசனத்தை அழிப்பதுதான் மிச்சம். சண்டை அங்கேதான் தொடங்கியது.

சமூகவியல் படிக்கிறவன் ஒரேயடியாக மாட்டன் என்று நின்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “நாங்களே எங்கட வாயால அது எரியேல்லை எண்டு எழுதினா, நாளைக்கு ஒருத்தன் வந்து நூலகமே தானா எரிஞ்சது எண்டு எழுதுவான். அவனுக்கு நாங்கள் ஏன் நெருப்புப்பெட்டி எடுத்துக் குடுக்க வேணும்?” லேசில் தள்ளிவிடக்கூடிய கதை இல்லை இது. எங்கட வரலாற்றை எங்கட பக்கத்திலிருந்து எழுதுவதற்கே இடம் குறைவு. கிடைத்த இடத்தில் நாங்களே எங்களைத் திருத்திக்கொண்டு நிற்பது என்ன புத்தி? இரண்டாவதாக, அந்த வசனம் வேலை செய்கிறது. “ஏறத்தாழ 97,000 நூல்கள்” என்றால் தலையாட்டுகிறவர்கள், “ஒரேயொரு பிரதி” என்றால் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

எதிர்வாதம் வரலாறு படிக்கிற இரண்டு பேரிடமிருந்தும் வந்தது, அதுவும் முதலில் உப்புச்சப்பில்லாமல். “சான்று இல்லை, விதிப்படி எடுக்கவேணும்.” அதற்கு அவன், “விதியை ஆர் எழுதினது?” என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான் என்பது கட்டுரையின் மற்றப் பகுதிகளை எழுதும்போது எங்களுக்கு விளங்கியது. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம்பத்தக்க மூலம் என்றால் என்ன என்று கேட்டால், பொதுவாகச் சொல்லும் விடைகளில் ஒன்று ‘அன்றைய நாளிதழ்’. சம்பவம் நடந்த கிட்டிய நாட்களில், ஊரில் இருந்து, பெயர்தெரிந்த ஒரு நிறுவனம் வெளியிட்டது. யாழ்ப்பாணத்தில் அப்படியொரு பத்திரிகை இருந்தது. 1959இல் தொடங்கிய ‘ஈழநாடு’. நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாட்டின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. செய்தி எழுதியிருக்க வேண்டிய பத்திரிகையே செய்தியாகிப் போனது. கொழும்புப் பத்திரிகைகளில் இதற்குக் கிடைத்த இடம் எவ்வளவு சொற்பம் என்று பிறகு எழுதிய பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ‘அன்றைய நாளிதழைக் காட்டு’ என்று கேட்பவருக்கு நாங்கள் காட்டக்கூடியது எரிந்த அச்சகம். எங்கட ஊரில் மூலங்கள் இல்லாமல் போனது தற்செயலாக அல்ல. இதைத் தெரியாமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், எரித்தவர்களுக்குச் சாதகமாகத்தான் ஒவ்வொரு கட்டுரையும் முடியும்.

அதனால் நாங்கள் வேறு வழிகளில் போனோம். எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 97,000 என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் சம்பவம் நடந்து சில வாரங்களுக்குள் இலங்கைக்கு வந்து விசாரித்து, சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவுக்காக அறிக்கை எழுதிய வேர்ஜினியா லியரி 95,000 என்கிறார். எதைப் போடுவது? லியரி கிட்டிய காலத்தவர், பெயர் போட்டு எழுதியவர், எந்தப் பக்கமும் சாராத நிறுவனத்துக்காக எழுதியவர். ஆனால் அவரும் நின்று எண்ணியவரில்லை, இங்கே ஆரோ சொன்னதைத்தான் எழுதியிருப்பார். இரண்டு எண்ணையும் ஆர் சொன்னது என்று சேர்த்துப் போட்டோம். 2,000 புத்தக வித்தியாசத்தால் குற்றம் சிறுக்கப் போவதில்லை. ஒற்றை எண்ணை உறுதியாக எழுதிவிட்டு, பிறகொருவர் வந்து மற்ற எண்ணைக் காட்டினால் நாங்கள் முழிக்க வேண்டிவரும்.

திகதி இன்னும் சிக்கல். மே 31 என்று சிலர், யூன் 1 என்று பலர். சமூக ஊடகங்களில் இரண்டு நாளும் நினைவுகூரல் நடக்கும். மே 31 நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தல் கூட்டம். அங்கே பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு, அன்றிரவே வன்முறை தொடங்கிவிட்டது. யூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். இடையில் நாலைந்து இரவுகள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ‘மே 31 சம்பவம்’ என்று ஒரே பெயரில் நின்றுவிட்டது.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா அப்போது குருநகரில் இருந்தவர். கேட்டோம். “ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அண்டைக்கு இரவு கடையள் எரிஞ்சது. நூலகம் அடுத்த நாள் இரவு பிள்ளை. விடியக் கூட்டேக்க முத்தத்தில கரிக் கடுதாசி கிடந்தது, எழுத்துத் தெரிஞ்சது” என்றார். நாற்பது வருசத்துக்கு முந்தின ஞாபகத்தை எப்படி நம்புவது? ஒரு சின்ன வேலை செய்தோம். 1981 மே 31 என்ன கிழமை என்று கணக்குப் பார்த்தோம். ஞாயிறு. திகதியை மறந்தவர்கள்கூடக் கிழமையை மறப்பதில்லை, அது கோயிலோடும் சந்தையோடும் சேர்ந்திருக்கிற ஞாபகம். யூன் 1 இரவு என்று எழுதிய நூல்களோடும் அவர் சொன்னது பொருந்தியது.

ஆனால் அம்மம்மாவை அடிக்குறிப்பில் போட முடியாது. அவர் சொன்னது எங்களுக்கு வழிகாட்டியது, எந்த அச்சு மூலத்தை நம்பலாம் என்று தீர்மானிக்க உதவியது. கட்டுரையில் நிற்பது அச்சு மூலம்தான். இது நியாயமா என்று கேட்டால், அரைவாசிதான் நியாயம் என்போம். இப்படியான வாய்மொழிகளைப் பதிவுசெய்து, ஆள், இடம், நாள் குறித்து, எல்லாரும் கேட்கும்படி ஓரிடத்தில் வைத்தால் அவை மூலமாகும். சோமீதரனின் ‘எரியும் நினைவுகள்’ ஆவணப்படம் செய்தது அந்த வேலையைத்தான். எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’யை ஒருவர் சம்பவத்துக்கான சான்றாகப் போடச் சொன்னார். எங்களுக்கும் பிடித்த கவிதைதான். ஆனால் அதைக் கட்டுரையின் கடைசியில், ‘இலக்கியத்தில்’ என்ற பகுதியில் வைத்தோம். கவிதையிடம் திகதி கேட்கக்கூடாது.

இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போது வைபவமாலை மேசையிலேயே கிடந்தது. மினக்கெட்டு முழுதாக வாசித்தோம். எரிந்ததாக நாங்கள் அழுத புத்தகத்தை எங்களில் ஒருவர்கூட முதலில் வாசித்திருக்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 அளவில் எழுதியது. எழுதச் சொன்னவர் மேக்கறூன் என்று நூல் சொல்லும் ஒல்லாந்த அதிகாரி. தேசவழமையை 1707இல் தொகுப்பித்ததும் ஒல்லாந்தர்தான். ஆள வந்த இடத்தின் வழக்கமும் வரலாறும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. ஆகவே இது ஒரு அரசாங்கத்துக்காக எழுதப்பட்ட நூல், அது பேசும் பெரும்பாலான சம்பவங்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அப்படியானால் இது நம்பத்தக்க மூலமா?

இந்தக் கேள்வியையே நாங்கள் பிழையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நூல் முழுக்க நம்பத்தக்கது, முழுக்க நம்பத்தகாதது என்றில்லை. எதற்கு நம்புவது என்று கேட்க வேண்டும். நல்லூரில் அரசன் கோயில்களை எந்தத் திக்கில் கட்டினான் என்று வைபவமாலை சொல்கிறது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். சைக்கிளில் ஒரு சுற்று வந்தால் மூன்றும் அதே திக்குகளில் இருக்கும். ஊரைத் தெரிந்த ஆள் எழுதிய நூல், இடங்களில் பெரிதாகச் சறுக்கவில்லை.

காலத்தில் சறுக்குகிறது. நல்லூரையும் கந்தசுவாமி கோயிலையும் புவனேகவாகு கட்டியதற்குச் சொல்லப்படும் சக ஆண்டு 870. எழுபத்தெட்டைக் கூட்டினால் கி.பி. 948. இணையத்தில் நல்லூர்க் கோயில் 948இல் கட்டப்பட்டது என்று வருவதெல்லாம் இந்தக் கூட்டல் கணக்கிலிருந்து வருவதுதான். ஆனால் ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு எழுந்தது 13ஆம் நூற்றாண்டில். கோட்டையிலிருந்து செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது ஏறக்குறைய 1450இல், அவர் பிறகு கோட்டையில் முடிசூடிய பெயரும் புவனேகவாகுதான். எந்தப் புவனேகவாகு என்பதே வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய வழக்கு. 948 என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் வழக்கே இல்லாதது போல் ஆகிவிடும்.

சங்கிலியன் கதை இன்னும் மோசம். வைபவமாலையில் சங்கிலி ஒரு ஆள். போர்த்துக்கேய ஆவணங்களில் இரண்டு ஆட்கள். ஒருவர் 1519 தொடக்கம் 1561 வரை ஆண்டு, 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்லுவித்தவர். மற்றவர் 1619இல் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தவர். இரண்டு பேருக்கும் இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடக்கிறது. புலவர் இரண்டு பேரையும் ஒரே உடம்புக்குள் போட்டுவிட்டார். இந்த முடிச்சுகளை அவிழ்க்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் சுவாமி ஞானப்பிரகாசர். 1928இல் வந்த அவருடைய ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ பெயரிலேயே வைபவமாலையோடு வழக்குக்கு நிற்கிறது. அதற்கு இரண்டு வருசத்துக்கு முன் முதலியார் செ. இராசநாயகம் ஆங்கிலத்தில் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய தன் பெருநூலை வெளியிட்டிருந்தார். இரண்டு பேரும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. “ஞானப்பிரகாசர் பாதிரியார், சங்கிலியனைப் பற்றி அவர் எழுதினதை எப்பிடி நம்புறது?” என்று எங்களுக்குள்ளும் ஒருவர் கேட்டார். எழுதியவர் ஆர் என்று கேட்பது நல்ல தொடக்கம். அதோடு நிறுத்திக்கொண்டால், அவர் காட்டிய ஆவணத்தைப் பார்க்காமலே தப்பித்துவிடலாம். நாங்கள் இரண்டு பேரையும் போட்டோம், எங்கே பிரிகிறார்கள் என்பதையும் எழுதினோம்.

பல்கலைக்கழக ஆய்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று நினைத்திருந்தோம். அதுவும் இல்லை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் லண்டனில் முடித்த கலாநிதிப் பட்ட ஆய்வு, 10ஆம் நூற்றாண்டுக்கு முன் இலங்கையில் பெரிய அளவிலான நிலையான தமிழ்க் குடியேற்றங்களுக்குப் போதிய சான்றில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. பிறகு ஆனைக்கோட்டை போன்ற இடங்களில் அகழ்வு நடந்தது, அதில் அவரே முன்னின்றார். 2005இல் எழுதிய நூலில் தன் பழைய கருத்துகளைத் தானே மாற்றிக்கொண்டார். அந்த நூல் ‘இலங்கையில் தமிழர்’ என்று தமிழிலும் வந்தது. ஆனாலும் வாதத்துக்கு வசதியானவர்கள் 1965ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூலம் அசல்தான், ஆள் பெரிய ஆள்தான், ஆனால் அவரே வேண்டாமென்று வைத்துவிட்ட கருத்து அது.

கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர் இவற்றைப் பற்றி நீட்டத் தேவையில்லை. தர்மகர்த்தா சபையின் பெயர்ப்பட்டியலுக்கு மலரை நம்பலாம், கோயில் ஐயாயிரம் வருசப் பழமை என்பதற்கு நம்ப வேண்டாம். செத்தவீட்டுக் ‘கல்வெட்டு’ம் அப்படித்தான். (முதலாம் வருசத்தில் கல்வெட்டியல் பாடத்துக்கு ஒருத்தன் தன்ர அப்பப்பாவின் அந்தியேட்டிக் கல்வெட்டைக் கொண்டுவந்தது இன்னும் எங்கட அணியில் பகிடி.) இறந்த திகதி, ஊர், ஆர் ஆருக்கு என்ன முறை, இதற்கெல்லாம் அதைவிட நல்ல மூலம் இல்லை. குணநலன்களுக்கு வேண்டாம்.

திரும்ப அந்த வசனத்துக்கு வருவம். சண்டை தீர்ந்தது வைபவமாலையாலேயேதான்.

மயில்வாகனப் புலவர் தான் எந்த நூல்களைப் பார்த்து எழுதினார் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முதலிரண்டும் இன்றைக்குக் கையில் இருக்கின்றன, அச்சில் வாசிக்கலாம். பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் இல்லை. ஆரிடமும் இல்லை. அப்படி இரண்டு நூல்கள் இருந்தன என்பதே, 1736இல் ஒரு ஆள் தன் மூலங்களைப் பெயர் சொல்லி வைத்ததால்தான் எங்களுக்குத் தெரியும்.

இதை வாசித்த பின்னேரம் சமூகவியல்காரன்தான் முதலில் வாய் திறந்தான். “அப்ப, பேர் தெரிஞ்ச புத்தகம் எண்டாலே அது வேற எங்கையோ தப்பியிருக்கும் எண்டுதானே அர்த்தம்?”

முழுக்க அப்படியில்லை, இராசமுறையே அதற்கு விதிவிலக்கு. ஆனால் அவன் பிடித்த நூல் சரியான நூல். பொது நூலகத்தில் எரிந்தவற்றுள் எல்லாருக்கும் பெயர் தெரிந்த நூல் எது என்று கேட்டால் வைபவமாலை என்று வாயில் வரும். ஏன் வருகிறது? அது அச்சானது, மொழிபெயர்க்கப்பட்டது, விமர்சனம் எழுதப்பட்டது, பாடத்தில் வந்தது. அதாவது அது பரவியிருந்தது. பரவியிருந்த நூலை ஒரு கட்டடத்தை எரித்து அழிக்க முடியாது. உண்மையில் ஒரேயொரு பிரதியாக இருந்திருக்கக்கூடியவை ஏட்டுக் கட்டுகள், கையெழுத்துப் பிரதிகள், ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சொந்தச் செலவில் நூறு பிரதி அடித்த சின்னப் புத்தகங்கள். அவற்றை ஆரும் மேற்கோள் காட்டியிருக்கவில்லை என்றால், காணாமல் போனதாகப் பட்டியல் போடவும் முடியாது. வைபவமாலையை அந்த இடத்தில் நிறுத்தியதால், அந்த இடம் நிரம்பியிருப்பது போல ஒரு தோற்றம். உண்மையில் அது வெறுமையாக இருக்கிறது. ஒரு பிரபலமான நூலை வைத்து நாங்கள் அதை மூடிவைத்திருந்தோம்.

நூல் வேறு, பிரதி வேறு என்று பிரித்துப் பார்க்கவும் அப்போதுதான் பழகினோம். எரிந்தது பிரதி. வைபவமாலை என்ற நூல் எரியவில்லை. இதைச் சொல்வதால் எரித்தவர்களுக்கு எந்தக் கழிவும் கிடைக்காது. 1959 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட கட்டடம், அதற்கும் முன்னால் 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடக்கிய இலவச நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்த சேகரம், அத்தனையும் எரிந்தது. அதில் ஒன்றும் மாறவில்லை. மாறாக, பிழையான வசனத்தை நாங்கள் விட்டிருந்தால், எங்களுக்குப் பிடிக்காத ஒருவர் 1879 மொழிபெயர்ப்பை ஒரு நிமிசத்தில் தேடியெடுத்து, “இவங்கள் சொன்ன மற்றதுகளும் இப்பிடித்தான்” என்று சொல்லியிருப்பார். நெருப்புப்பெட்டியை நாங்களே மேசையில் வைத்திருந்தோம் என்று சமூகவியல்காரனே கடைசியில் ஒத்துக்கொண்டான். அவன் ஒத்துக்கொண்டதற்கு நாங்கள் கன்ரீனில் பிளேன்ரீயும் றோல்ஸும் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது வேறு கதை.

இப்போது அந்தப் பந்தி இப்படி இருக்கிறது. நூலகத்தில் இருந்த வைபவமாலைப் பிரதி அழிந்ததாகப் பல கட்டுரைகள் குறிப்பிடுகின்றன என்பது முதல் வசனம். அந்த நூல் 1879இல் ஆங்கிலத்திலும் 1949இல் குல. சபாநாதன் பதிப்பாகத் தமிழிலும் வெளிவந்தது என்பது இரண்டாவது. அழிந்தவற்றுள் வேறு பிரதியில்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் இருந்ததாக லியரியின் அறிக்கையையும் பிற்கால நூல்களையும் சுட்டி எழுதியது மூன்றாவது. பேச்சுப்போட்டிக்கு இது உதவாது.

ஆனந்த குமாரசுவாமியின் கையெழுத்துப் பிரதிகள் எரிந்தன என்ற வசனமும் பல இடங்களில் வருகிறது. அதற்கும் எங்களிடம் மூன்று அடிக்குறிப்புகள் இருக்கின்றன. மூன்றிலும் சொற்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. இப்போதைக்கு ‘சான்று தேவை’ என்று நாங்களே ஒட்டி வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை அதற்காக உட்கார இருக்கிறோம்.

இதற்கிடையில் உங்கள் வீட்டு அலுமாரியில் 1981க்கு முந்தின ஈழநாடு, மலர், கல்வெட்டு, அல்லது பொது நூலகத்தின் முத்திரை விழுந்த, திருப்பிக் கொடுக்காத புத்தகம் ஏதும் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கோ. படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவம். நூலகத்துக்குத் தண்டப்பணம் கட்டச் சொல்லமாட்டம்.